சாயாத வண்டி

போஷரிலிருந்து அமராத்துக்கு
மலையைப் பிளந்து போட்ட சாலை.
ஏறும்போது ஒன்றும் தெரியாது.
இறங்கும்போதுதான்
பதினான்கு வருடத்து யாரிஸ்
தன் வயதைச் சொல்லும்.

வளைவு ஒவ்வொன்றிலும்
ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்பும்,
ஸ்டீயரிங் சொன்னதைச் சக்கரத்துக்கு
யாரோ மொழிபெயர்த்துச் சொல்வதுபோல.
காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று
இருக்கைக்கு அடியில்
இந்தப் பக்கம் உருண்டு
அந்தப் பக்கம் உருண்டு
வளைவுகளை எண்ணிக்கொண்டு வரும்.
பின்னால் ஒரு தண்ணீர் லாரி
கண்ணாடி முழுக்க விளக்காக நிற்கும்.

ஜெபக்கனி தூங்குவாள்.
பன்னிரண்டு மணி நேரம் ஐ.சி.யூ.வில் நின்ற கால்களை
செருப்பில்லாமல் நீட்டி
பெல்ட்டுக்குள் மடிந்து.
அந்தப் பெரிய வலப்பக்க வளைவில்
வண்டி என் பக்கம் சாயும்.
வண்டியோடு அவள் தலையும்.
நாலு நொடி இருக்கும்.
டெட்டாலும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசம்
என் தோளில் இறங்கி
அடுத்த வளைவில் எழுந்து போகும்.

வாதி கபீரில் குல் ஸமான்
வண்டியைத் தூக்கி நிறுத்தி
சக்கரத்துக்குள் டார்ச் அடித்தான்.
ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து
அதன்மேல் புழுதி அப்பி
கருவாட்டு நிறம்.
விரலால் ஒரு கோடு கிழித்துப் பார்த்து
"கதம்" என்றான்.
கீழே இறக்கி
பம்பரை இரண்டு கையாலும் அழுத்தி விட்டான்.
ஒரு தடவை எழுந்து நிற்க வேண்டியது
மூன்று தடவை தலையாட்டியது.
மேனேஜர் முன்னால் நானும் அப்படித்தான்.

புது ஷாக் நாலு. குட்டையான ஸ்பிரிங்.
பின்னால் குறுக்கே
கட்டைவிரல் தடிமனில் ஒரு கம்பி,
ஒரு சக்கரம் குனிந்தால்
இன்னொன்றும் பிடித்து இழுக்குமாம்.
ஷாக்கின் தலையில் ஒரு சின்னத் திருகு,
வலது பக்கம் இறுகும், இடது பக்கம் தளரும்.
"எத்தனை கிளிக்?" என்றான்,
டீக்குச் சர்க்கரை கேட்பதுபோல.
பன்னிரண்டு என்றேன்.
நூற்று நாற்பது ரியால்.
வீட்டில் தொண்ணூறு என்றேன்.

அன்றிரவு இறக்கத்தில்
வண்டி யோசிக்கவில்லை.
நினைத்த இடத்தில் மூக்கை வைத்தது.
ரோட்டில் கிடந்த பொடிக்கல்கூட
முதுகெலும்புக்கு வந்து பெயர் சொன்னது.
தண்ணீர் லாரி பின்னால் சிறுத்தது.
பாட்டில் வைத்த இடத்தில் இருந்தது.
தனியே சிரித்துக்கொண்டேன்.

பெரிய வளைவு வந்தது.
தோளைக் கொஞ்சம் இறக்கி வைத்தேன்.
வளைவு போய்விட்டது.
அவள் தலை
நட்டு வைத்தாற்போல் நேராக இருந்தது.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பிறகு
பார்க்கிங்கில் பானட்டைத் தூக்கி
டிக்கிக் கம்பளத்தை விலக்கி
பத்தாக்கினேன்.
அதற்கடுத்த நாள் எட்டு.
ஆறில் பாட்டில் லேசாக அசைந்தது.
நாலில்
அரை நொடி,
தலைமுடி மட்டும் பட்டது.
மூன்று.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:
"வண்டிய என்ன செஞ்சிய?"
"ஏன்?"
"நாலஞ்சு நாளா கழுத்து வலியில்லாம இருந்துச்சு.
இன்னைக்கு மறுபடியும் பிடிச்சிட்டு."

ஓரம் கட்டினேன்.
பாறையில் என் விளக்கு
மஞ்சளாக வந்து வந்து போனது.
கீழே அமராத் மொத்தமும்
சிந்திய உளுந்துபோல் வெளிச்சமாகக் கிடந்தது.
ஒவ்வொன்றாகத் திருப்பினேன், நாலு சக்கரத்துக்கும்.
பன்னிரண்டு வரை.
அந்தக் கிளிக் சத்தம்
மலைக்கே கேட்டிருக்கும்.

உள்ளே வந்து உட்கார்ந்தபோது
டிஷ்யூ தேடியவள் மடியில்
குல் ஸமானின் பில், எண்ணெய்க் கைரேகையோடு.

"தொண்ணூறுக்கு இதெல்லாம் வராதுன்னு
அன்னைக்கே தெரியும்"
என்று அதை நாலாக மடித்து
பழைய இடத்தில் வைத்துவிட்டு
கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்னும் மூன்று வளைவு பாக்கி.