ஓட்னியின் தூரங்கள்

ஓட்னி அவள் பெயர்.
தமிழில் உச்சரிக்கும்போது
பெயரிலேயே ஓட்டம் வந்துவிடுகிறது.
அவள் ஊரில் யாருக்கும் இது தெரியாது.

மலைக்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவே
சட்டைப்பை அகலத்துக்கு ஓர் ஊர்.
நவம்பரில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன்
பிப்ரவரியில்தான் திரும்பும்.
சமதரை என்று சொல்ல
சர்ச்சின் முன்புறம்,
பள்ளிக்கூட முற்றம்,
பிறகு
இரண்டாயிரத்து நூறு மீட்டருக்கு ஒரு சாலைச் சுரங்கம்.
உள்ளே பனி விழாது.

காலை நாலே முக்காலுக்கு,
முதல் பால்லாரி வருமுன்,
அதற்குள் ஓடினாள்.
பாறைக்கூரை சொட்டும்.
ஒரு ஜோடிக் கால்களுக்கு
நாலு ஜோடி எதிரொலி.
எவ்வளவு விரட்டினாலும் அவற்றை முந்த முடியவில்லை என்று
தங்கை சீசலிடம் குறைப்பட்டாள்.
தங்கை தூக்கத்தில் இருந்தாள்.

எழுபத்தொன்று. வயது பத்தொன்பது.
எண்ணூறு மீட்டர், ஓஸ்லோ, மழை:
இரண்டு நிமிடம், ஆறு புள்ளி நாலு விநாடி.
இதைவிட நீண்ட தூரம் வேண்டும் என்று கேட்டதற்கு
செயலாளர் ஹால்வார்ட் தட்டச்சில் பதில் போட்டார்.
அதில் கருப்பையைப் பற்றி
ஒரு முழுப் பத்தி இருந்தது.
கடிதத்தை எட்டாக மடித்து
இடது ஷூவுக்குள் வைத்தாள்.
அந்த ஷூ அரை அளவு பெரிது.
மூன்று மாதம் தாங்கியது,
நல்ல தாள்.

பிழைப்புக்கு, கார்ப் படகில்
டிக்கெட் கிழிக்கும் வேலை.
அக்கரைக்குப் பதினெட்டு நிமிடம்.
கார் ஏறாத இரவுப் பயணங்களில்
மேல்தளத்தைச் சுற்றினால் நூற்றுநாற்பது மீட்டர்.
படகு நேராகப் போகும்,
அவள் வட்டமாகப் போவாள்.
கரை விளக்கு தெரிந்ததும்
கேப்டன் ரூனார் ஊதல் அடிப்பார்:
கடைசிச் சுற்று.
தூங்கிக்கொண்டிருந்த லாரிக்காரர் ஒருவர்
இது குறித்துப் புகார் எழுதியிருக்கிறார்.

சட்டம் மெல்ல இறங்கி வந்தது.
ஆயிரத்து ஐநூறு தந்தார்கள்,
பிறகு மூவாயிரம்.
ஓர் ஆகஸ்டில், வெளிநாட்டில்
(நகரத்தின் பெயரைச் சொல்லமாட்டாள்,
"அங்கே" என்பாள்)
நாலாவதாக வந்தாள்.
மூன்றாமவளுக்கும் இவளுக்கும் இடையே
ஒரு பனியனின் தடிமன்.
வானொலியில் முதலில் மூன்று என்றுதான் சொன்னார்களாம்.
ஊர் பேக்கரியில் அதற்குள் கேக் ஆகிவிட்டது.
கிரீமில் எழுதிய மூன்றை
நாலாக்குவது எளிதல்ல.
வழித்து வழித்துப் பாதிக் கேக் போயிற்று.
மீதி நன்றாயிருந்தது என்கிறாள்.

முப்பதுக்கு மேல் கால்கள்
வேகத்தை விற்றுத் தூரம் வாங்கின.
பத்தாயிரம்: இருபத்தைந்து சுற்று,
பலகை திருப்புகிற பையனே எண்ணிக்கை மறந்தான்.
பிறகு மாரத்தான்.
முப்பத்தோராம் கிலோமீட்டரில்,
வெட்டவெளியில், பாறையே இல்லாத தட்டைநாட்டில்
அந்த நாலு ஜோடிக் கால்கள் கேட்டன.
இம்முறை பின்னாலிருந்து.
திரும்பிப் பார்க்கவில்லை.
முப்பத்தெட்டில்
ஒரு தபால்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.
அவளைப் பற்றிய செய்தித் துண்டுகளில்
கடைசியானது இரண்டு வரி.
பெயரில் எழுத்துப்பிழை.

இப்போது கடலுக்கடியில் சுரங்கம் வெட்டிவிட்டார்கள்.
ஏழு கிலோமீட்டர்.
படகு இனி வேண்டாம்,
டிக்கெட் கிழிக்கவும் ஆள் வேண்டாம்.
திறப்புநாளில், கார்களை விடுமுன்
ஊரையே உள்ளே ஓடவிட்டார்கள்:
குழந்தைவண்டிகள், இரண்டு நாய், மேயர்.
நானூற்றுப் பதினேழாம் எண்ணை மார்பில் குத்தி
அறுபத்தோரு வயது ஓட்னி.

சரிவு இறங்கி முடிகிற இடத்தில்
ஈரமாய் ஒரு மஞ்சள் பலகை:
கடல்மட்டத்துக்கு இருநூற்றுமுப்பது மீட்டர் கீழே.
மேலே அதே நேரத்தில்
படகின் கடைசிப் பயணம்.
ஓய்வுபெற்ற ரூனாரை அன்றைக்கு மட்டும்
சக்கரம் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள்.
நடுக்கடலில் அவர் ஊதல் அடித்தார், நீளமாக.
அத்தனை தண்ணீரையும் பாறையையும் தாண்டி
அது கேட்க வழியில்லை.

பலகையடியில் அவள் வேகமெடுத்ததை
பக்கத்தில் ஓடிய பலரும் பார்த்தார்கள்.

எட்டு சதவீத ஏற்றம்.
ஒரு நாய் நின்றுவிட்டது.
இது பந்தயமல்ல என்று அறிவித்திருந்ததால்
யாரும் நேரம் எடுக்கவில்லை.
அவள் எடுத்தாள்.
சொல்லமாட்டாள்.