படிக்கல்

மல்லாவிச் சங்கக்கடையில் ஆறு வருசம்
நிவாரணம் நிறுத்தவன் நான்.
அரிசியில் கை வைக்காதவன்.
வீட்டில் பிள்ளைகளுக்குக் கஞ்சி,
கடையில் மூட்டைகள் கூரை வரைக்கும்.
நடுவில் ஒரு பூட்டு,
திறப்பு என் இடுப்பில்.

கிழமை முடிய எப்படியும் பதினாறு கிலோ மிஞ்சும்.
அதையும் எழுதித் திருப்பி அனுப்புவேன்.
எலிகூடத் தின்னாத கடை என்று
சங்கத் தலைவர் கடிதம் தந்தார்.
பிரேம் போட்டுச் சுவரில் மாட்டினேன்.
பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால்
சொல்ல ஒன்றும் இருக்காது;
கோபப்பட்டேன் சுவாமி என்பேன், ஒப்புக்கு.

பாதை திறந்த வருசம்
வவுனியாவிலிருந்து முத்திரை குத்த ஆள் வந்தார்.
இரண்டு கிலோப் படிக்கல்லைக் கவிழ்த்தார்.
அடிக்குழியில் ஈயம் இல்லை.
"எப்ப விழுந்தது?"
"தெரியாது ஐயா."
"நாற்பது கிராம் குறையுது."

அன்றிரவு விளக்கைக் கொளுத்திக் கணக்குப் பார்த்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு அட்டை, முந்நூறு கிழமை.
கிழமைக்கு ஒரு தரம் நிறுத்ததாய் வைத்தாலும்
ஐயாயிரம் கிலோவுக்கு ஐம்பத்தாறுதான் குறைவு.
என் மிச்சம் அது.
என் கடிதம் அது.

களவெடுக்கவில்லை. முள் நேராய்த்தான் நின்றது.
முள்ளைப் பார்த்த அளவுக்கு
கல்லைப் புரட்டிப் பார்க்கவில்லை நான்.

திருப்பிக் கொடுப்போம் என்று சைக்கிளில் போனேன்.
துணுக்காயில் கொட்டில் வெறுமை.
பாலிநகரில் பிரகாசியின் கடைசிப் பெடியன் எமிலியான்
மலேரியாவில் போய் மூன்று வருசமாம்.
அவனுக்கு எதை நிறுப்பது?
பிரகாசி பையைப் பார்த்தாள்.
"வைச்சிட்டுப் போங்கோ" என்றாள்.
இருக்கச் சொல்லவில்லை.

பெரிய வெள்ளி, பாடுகளை வாசித்தார்கள்.
வலப்பக்கக் கள்வனிடம் வந்து என் காது நின்றுவிட்டது.
இனி ஒரு நல்லது செய்ய
அவனுக்குக் கை அவிழ்ந்திருக்கவில்லை.
கால் இல்லை. நாளும் இல்லை.
கேட்டான், அவ்வளவுதான்.
எனக்குக் கோபம் வந்தது, இந்தமுறை உண்மையாய்.
ஆறு வருசம் பசியோடு பூட்டைக் காத்தவன் நான்.

உயிர்த்த ஞாயிறு வரிசையில் நின்றேன்,
என் கடை வாசலில் அவர்கள் நின்றதுபோல.
அட்டை இல்லை, பை இல்லை.
எனக்கு முன்னால் பிரகாசி,
திரும்பிப் பார்க்காத கழுத்தில் வேர்வை.
அவள் விலக, என் முறை.
கல் வைத்த கையை நீட்டினேன்.
சுவாமி நிறுக்காமல் வைத்தார்.