வாக்கில்

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.
எனக்கில்லை.
பிரேம்வதி தரையைத் துடைப்பாள்,
கண்ணாடி என் பங்கு.
ஆறு நாளின் மூக்குத்தடங்கள்
நடனப் பெண்ணுக்கு எதிரேதான் அதிகம்.
எடைக்கற்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை.

ராகிகடியில் எடுத்தவளிடம் கடைசியாகப் போவேன்.
எலும்பாய்ப் படுத்திருக்கிறாள்.
இடது மணிக்கட்டில் சங்கு வளையல்,
தலைமாட்டில் பானைகள்.
காலி பண்ணச் சொன்னபோது
கையில் கிடைத்ததை எடுத்துவைத்தவள் மாதிரி.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி
எனக்கும் மனப்பாடம்:
வீட்டுக்கு வீடு குளியலறை,
தெருவெல்லாம் மூடிய சாக்கடை,
செங்கல் எங்கே எடுத்தாலும்
ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு.
ஒரு நாள் எங்கள் சுவரை ஜாண் போட்டுப் பார்த்தேன்.
ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை.
மேம்பாலத்தில் மிஞ்சியது கொஞ்சம்,
பாதிக் கூலிக்குப் பதிலாக
அவர் சுமந்துவந்த அரைக்கல் மீதி.
நாலாவுக்கு மூடி கிடையாது.
மழை வந்தால்
அதுதான் எங்களை மூடும்.

போன வியாழன் டேப் பிடித்து அளந்தார்கள்.
கதவில் சிவப்புச் சாயம்:
ஒரு வட்டம், குறுக்கே கோடு, பக்கத்தில் ஏழு.
வட்டமென்றால் வேறிடம் தருவார்கள் என்றார் சடையன் மேஸ்திரி.
கோடு விழுந்தால் அதுவும் இல்லை என்றாள் மங்கைத்தாய்.
ஏழைப் பற்றி
ஒருவருக்கும் தெரியவில்லை.

முத்திரைகளை மெல்லத்தான் துடைக்கவேண்டும்.
ஒற்றைக்கொம்பு மாட்டின் தலைக்குமேல்
ஒரு மீன், ஒரு சக்கரம், நிற்கிற ஆள் ஒருத்தன்.
இன்னும் யாராலும் படிக்க முடியவில்லையாம்.
அதற்குத்தான் விளக்கு.
பூட்டும் உண்டு.

எந்த வருஷத்திலிருந்து இருக்கிறாய் என்றார் அதிகாரி.
பெரியவன் பிறந்த வருஷம், மழைக்கு முன்னே.
காகிதம் என்றார்.
ரேஷன் கார்டில் நான் அஞ்சுகம்,
கரண்ட் பில்லில் அஞ்சு குமாரி.
இரண்டு பேரும் வேறு வேறாம்.

வளையல்காரியின் சீட்டை
பிரேம்வதி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
வருஷத்துக்குப் பின்னால் 'லக்பக்' என்று போட்டிருக்கிறது.
நம் பாஷையில், வாக்கில்.
அப்படியென்றால் எவ்வளவு முன்னே பின்னே?
"நூறு இருநூறு வருஷம். யார் கண்டது" என்றாள் பக்கெட்டைத் தூக்கியபடி.
ஓர் ஊரே வாக்கில் இருந்திருக்கிறது.
என் மழைக்கு மாசம் கேட்கிறார்கள்.

கண்ணாடித் துடைக்கும் நீலத் தண்ணீரை
பாட்டிலில் கொஞ்சம் எடுத்துப்போய்
ராத்திரி கதவைத் தேய்த்தேன்.
எட்டு வருஷத்து அடுப்புப்புகை கரைந்து ஓடியது.
வட்டம் போகவில்லை.
இப்போது ரோட்டிலிருந்தே தெரிகிறது.