ஜி பதினான்கு, மூன்றாம் தட்டு

இடுப்பு உயரத்தில் ஒட்டு.
மூலையில் மடக்காதே.
ஒரு பக்கம் போதாது, அடுத்த பக்கத்திலும் ஒன்று;
அஞ்சாபுலி எந்தத் திசையிலிருந்து
ஃபோர்க்லிஃப்டை ஓட்டிவருவார் என்று
அவருக்கே தெரியாது.
பழசை உரிக்காமல் புதுசை ஒட்டாதே.

சேதராப்பட்டுக் கிடங்கில் முதல் நாள்
எனக்குச் சொன்னது இவ்வளவுதான்.
மிச்சத்தை விரல் கற்றுக்கொண்டது.

ஐப்பசியில் காற்றே ஈரம்.
பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடல்
ஷட்டர் இடுக்கில் நுழைந்து
பேலட் சுற்றிய பிளாஸ்டிக்கின் மேல் வியர்க்கும்.
கோட்டுக் கையால் ஒரு துடைப்பு,
பிறகு லேபிள்,
பிறகு உள்ளங்கையால்
மூன்று எண்ணும் வரை ஓர் அழுத்தம்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.

உரித்தால் ஊர் ஊராக வரும்.
மேலே ஓசூர், அதற்கடியில் ஒரகடம்,
அதற்கும் அடியில் பாதி கிழிந்த ஏதோ ஒரு துறைமுகம்.
அங்கெல்லாம் யாரோ ஒருத்திக்குச் சோம்பல்.
இல்லை, உரிக்க நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

லாரி இங்கே கிளம்பிக் கடலூர் போய்ச் சேர்வதற்குள்
புதுவை, தமிழ்நாடு, மறுபடி புதுவை,
முள்ளோடை தாண்டினால் மறுபடி தமிழ்நாடு.
டீசல் விலை மாறும், சாராய விலை மாறும்,
டிரைவர் பேசும் தொனிகூடக் கொஞ்சம் மாறும்.
பேலட்டின் எண் மட்டும்
பதினெட்டு இலக்கமும் அப்படியே.

மார்ச்சில் கணக்கெடுப்பு.
ஜி பதினான்கு, மூன்றாம் தட்டு:
வேப்பஞ்சோப்பு, நாற்பத்தெட்டுப் பெட்டி
என்றது சிஸ்டம்.
ஏறிப் பார்த்தால்
அங்கே ஓர் அணில் இருந்தது.

பின்சுவர் ஓரத்தில்
மழைக்காலத்திலிருந்து பெயரில்லாமல் நின்றது ஒரு பேலட்.
அதைச் சுற்றித்தான் தினமும் நடந்தோம்.
அதன் மேல்தான் செந்தாமரை டிபன் பாக்ஸ் வைப்பாள்;
ஐந்து மாதமாக அவள் புளிச்சோற்றில் சோப்பு வாசம்.
நாற்பத்தெட்டு. இரண்டு முறை எண்ணினேன்.
"இதுதான் சார் அது."

இருதயராஜ் சார் ஸ்கேனரை நீட்டினார்.
அது சிவப்பாக முழித்தது.
"எனக்குத் தெரியுதும்மா.
சிஸ்டத்துக்குத் தெரியணுமே."

தொலைந்தது என்று ஒரு கையெழுத்து.
புதிதாக வந்தது என்று இன்னொன்று.
இன்றைய தேதி.
ஐந்து மாதம் நின்றதற்கு
எந்தக் கட்டமும் இல்லை.

பிரிண்டர் சுடச்சுடத் துப்பியது.
இரண்டு பக்கமும் ஒட்டினேன்.
உள்ளங்கை. ஒன்று, இரண்டு, மூன்று.

ஒன்பது வருஷத்தில் மூன்று முறை
காண்ட்ராக்ட் கைமாறியிருக்கிறது.
ஒவ்வொரு முறையும் அதே கேட், அதே ஷிப்ட்,
அதே முட்டிவலியோடு அதே நான்.
அட்டையில் மட்டும் புது எண்.
சேர்ந்த தேதி: நேற்று.

சித்திரையில் ஜி வரிசைக்கு அடியில் கூட்டும்போது
அந்தப் பழைய லேபிள் கிடைத்தது.
பசைப் பக்கமெல்லாம் தூசியும்
ஒரு பல்லி முட்டையின் ஓடும்.
கோடுகள் அழியவில்லை.
சும்மா ஸ்கேனரைக் காட்டினேன்.
பீப் என்றது,
இப்படி ஒன்று இல்லை என்றது,
ஒரே மூச்சில்.

மடித்து, கழுத்தில் தொங்கும் அட்டையின்
உறைக்குள் செருகினேன்.
அங்கே ஏற்கெனவே நெரிசல்.

கேட்டில் தனகோடி அண்ணன் நிறுத்தினார்.
அட்டையை இரண்டு விரலுக்கிடையில் அழுத்திப் பார்த்தார்.
"ஏம்மா அமலோற்பவம்,
உன்னுது மட்டும் ஏன் இத்தனை தடி?"

"உள்ளே நாலு பேர் இருக்கோம்ணே.
அஞ்சாவது ஆள் சோப்பு."