படைக்கலச் சேவிதர்

நியமனக் கடிதத்தில் அந்தச் சொல் இருந்தது.
படைக்கலச் சேவிதர்.
செயலாளர் வாசிக்கையில் எனக்கு உள்ளங்கை வியர்த்தது.
புனர்வாழ்வு முகாமில் பதினாறு மாதம்
அந்தச் சொல்லின் முன்பாதிக்குத்தான்
'இல்லை' என்று படிவம் படிவமாய் ஒப்பமிட்டேன்.
இப்போது அரச இலச்சினையோடு வருகிறது,
மாதம் எண்ணூறு ரூபா மேலதிகப் படியோடு.

படைக்கலம் வவுனியா லேத் பட்டறையில் கடைந்தது.
முதிரைத் தண்டு, உச்சியில் பித்தளைக் குண்டு.
மாங்குளச் சந்தியில் பஸ்ஸால் இறக்கும்போதே
மரக்கறிக்காரப் பெண்கள் பெயர் வைத்துவிட்டார்கள்:
உலக்கை.

தவிசாளர் குலவீரசிங்கத்துக்குச் சரியான கோபம்.
ஹரோவில் இருக்கிற மைத்துனர் அனுப்பிய காணொளியை
போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டினார்.
கறுப்புக் காலுறை, சரிகை, கொக்கி வைத்த சப்பாத்து.
அரசரின் தூதர் நீளமான மண்டபத்தில் நடந்து நடந்து வருகிறார்.
கிட்ட வந்ததும்
முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துகிறார்கள்.
"பார் பிள்ளை, அவ்வளவு சோடனையும் இந்த ஒரு சாத்தலுக்குத்தான்.
ஒரு ராசா ஆயுதக்காரரோட உள்ள வந்தவன்.
அதுக்குப் பிறகு ஒரு ராசாவும் அந்தச் சபைக்குள்ள கால் வைக்கேல்லை."

எங்கள் சபைக்குக் கதவே இல்லை.
இருந்த கதவு
எந்த இடப்பெயர்வில் யாருக்குச் சோறு வேகவைத்ததோ.
பூப்போட்ட திரைச்சீலை ஒன்று தொங்கியது.
அதனால் முதல் தீர்மானம் கதவு.
இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள்.
தெருவிளக்குத்தான் முதலில் என்று ஒருவர் எதிர்த்தார்.
அவர் சொன்னதும் சரிதான்,
அவர் ஒழுங்கையில் போன மாதம்
ஒரு பிள்ளையைப் பாம்பு கடித்தது.
பதினொன்றுக்கு ஐந்து. கதவு வென்றது.

அடுத்த அமர்வு.
வெள்ளைக் கையுறை, இரவல் கறுப்புக் கோட்,
தகரக் கூரைக்குக் கீழே வெயில் வேகிறது.
உலக்கையை மேசையில் கிடத்திவிட்டு நிமிர்ந்தால்
வெளியே ஜீப் சத்தம்.

முகாம் அதிகாரி வழமையாக வருகிறவர்.
யாரும் அழைப்பதில்லை.
பின்வரிசையில் கால்மேல் கால் போட்டு
யார் என்ன கதைத்தது என்று எழுதுவார்.
நல்லாய்ச் சிரிப்பார். பிள்ளைகளுக்கு டொபி கொடுப்பார்.

நான் நடந்தேன்.
இடது முழங்காலுக்குள் இருக்கிற துண்டு
மழைக்கு முன்னால் இழுப்பதுபோல் இழுத்தது.
அவர் கடைசிப் படியில் கால் வைக்கவும்
கதவைச் சாத்தினேன்.
அடித்துச் சாத்தவில்லை. கீல் புதிது,
அதுவாகவே ஒரு முனகல் முனகியது.

உள்ளே ஒரு மின்விசிறி, வளையில் குளவிகள்.
ஐந்தாம் வட்டார உறுப்பினர் மரியநேசத்தின் வாயில்
"காணி" என்ற சொல்
"கா" என்பதோடு நின்றிருந்தது.
வெளியே சரளையில் சப்பாத்து.
ஒருதரம் அங்கால். ஒருதரம் இங்கால்.
பிறகு ஒன்றுமில்லை.
பதினாறு பேரும் என்னைப் பார்க்கவில்லை,
கதவைப் பார்த்தார்கள்.

டொக்.

மூன்று தரம் என்பது லண்டன் முறை.
இங்கே ஒன்றுதான்.
தவிசாளர் திற என்று கண்ணைக் காட்டினார்,
மரியநேசம் கையை உயர்த்தி என்னை மறித்தாள்.
"ணி" என்றாள்.
காணி. எங்கட காணி. நாப்பத்திரண்டு குடும்பத்தின்ர காணி.
ஒலிவாங்கி இல்லாமல், ஜீப்புக்கும் கேட்க.

அந்தக் காணி இன்றைக்கும் முட்கம்பிக்குள்தான்.
எங்கள் சபைக்கு அதில் ஒரு வேலிக்கட்டைகூடப் பிடுங்க அதிகாரமில்லை.

அவள் இருந்த பிறகு திறந்தேன்.
உள்ளே வந்தவர் சிரிக்கவில்லை.
மடக்கிய விரல் மொழியை
கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே போய் இருந்தார்.
வார்னிஷ் இன்னும் காயவில்லை.