எந்தக் கடல்

வார்டுத் தராசின் முள்
யார் ஏறினாலும் நாற்பதில்தான் நிற்கும்.
அறுபது கிலோ இருப்பான் சிஸ்டர் என்றான் மச்சான்,
சங்கு மூட்டை தூக்கிப் பழகிய கையை விரித்து.
ஆளனுப்பி நண்டு கம்பெனித் தராசை வாங்கி வந்தோம்.
ஈரம் காயாமல், வாடையோடு வந்தது.
களஞ்சியத்தை இருவர் தாங்கி ஏற்றினார்கள்.
தாங்கியவர்களைக் கையை எடுக்கச் சொன்னேன்.
ஐம்பத்திரண்டு.
இல்லாத எட்டுக் கிலோவுக்கு
இந்த மருந்தை ஏற்ற முடியாது.

கெண்டைக்காலில் திருக்கை முள்.
குத்தி நாலு நாள்.
சுண்ணாம்பை அப்பிக்கொண்டு வள்ளத்திலேயே கிடந்திருக்கிறான்.
கால் நாவல்பழ நிறத்துக்குப் போயிருந்தது.
காய்ச்சல் நூற்று மூன்று.
நாடியைப் பிடித்தால் விரலுக்குள் நிற்கவில்லை.

டாக்டர் பூரணி எழுதினார்:
அமிகாசின் எழுநூற்றெண்பது மில்லிகிராம்,
நூறு மில்லி சலைனில், ஒரு மணி நேரம்,
நாளைக்கு ஒரே தடவை.
கீழே இரண்டு கோடு போட்டு:
சிறுநீரை அளக்கவும்.
காதைப் பற்றித் தினமும் கேட்கவும்.

குப்பியை மூன்று முறை வாசித்தேன்.
சொட்டை எண்ணினேன், நிமிடத்துக்கு முப்பத்துமூன்று.
சீக்கிரம் ஏறட்டுமே என்று
மச்சானின் கை திருகுக்கு நீண்டது.
தட்டிவிட்டேன்.

இரண்டாம் நாள் குவளையில் கோடு இறங்கியது.
தண்ணி குடிச்சியா? குடிச்சேன்.
வேற ஏதும் முழுங்குனியா? இல்ல.
விரிப்பை மாற்றும்போது தலையணைக்கடியில்
வலி மாத்திரை அட்டை, ஆறு குழி காலி.
திட்ட நினைத்தேன்.
அந்தக் காலைப் பார்த்துவிட்டு யாரைத் திட்ட?
இதுவும் கிட்னியைத்தான் தொடும், அதுவும் அதைத்தான் தொடும்,
வலிச்சா என்னைக் கூப்பிடு என்றேன்.
அட்டையை எடுத்துக்கொண்டு சார்ட்டில் எழுதினேன்.
டாக்டருக்கும் சொன்னேன்.
சாயங்காலம் கோடு கொஞ்சம் ஏறியது.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.
நாலாம் நாள் இட்லி கேட்டான்.
தினம் காலையில் நான்:
காதுல இரைச்சல் இருக்கா? தலை சுத்துதா?
அவன் சிரிப்பான்.
பதினேழு வருஷமா முங்குறேன் சிஸ்டர்,
இந்தக் காது எப்ப சும்மா இருந்துச்சு?

ஐந்தாம் நாள் விடியுமுன் கரண்ட் போனது.
விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன.
இருட்டில் அவன் குரல்:
இன்னைக்குக் கடல் ஏறியிருக்கு போல.

ட்ரேயை மேஜையில் வைத்தேன்.
பின்கதவைத் திறந்து வெளியே போய் நின்றேன்.
இது கச்சான் காலம்.
வடக்கே பெண்கடல்,
கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் கிடந்தது.
ஆண்கடல் தெற்கே,
சாலைக்கும் தண்டவாளத்துக்கும் உடைமரத்துக்கும் அப்பால்.
அதுவா கேட்கிறது?
மூச்சை அடக்கி நின்றேன்.
ஒரு நாய். பிறகு அதுவும் இல்லை.

திரும்பி வந்து கேட்டேன், எப்பவிருந்து?
ராத்திரிலருந்து.
எந்தக் கடல்?
அவன் பதில் சொல்லவில்லை.
கண்ணை மூடச்சொல்லி
காதோரம் கட்டைவிரலால் சுட்டுவிரலைத் தேய்த்தேன்.
இடப்பக்கம் சொன்னான்.
வலப்பக்கம் நகம் முடியில் உரசும்வரை சொல்லவில்லை.

மருந்துக் குப்பி மூடி திறக்காமல் ட்ரேயில் இருந்தது.
போனில் டாக்டர்: அதைக் குடுக்காதீங்க,
ரத்தம் அனுப்புங்க, நான் வர்றேன்.
கல்ச்சர் ராம்நாட்டுலருந்து வந்துடுச்சு,
கிருமி வேற மருந்துக்கும் கேக்கும்.

கிருமி கேட்கும்.
இவனுக்கு?

இது போயிருமா சிஸ்டர் என்றான்.
தெரியாது, சிலருக்குப் போறதில்லை என்றேன்.
பொய் சொல்ல வாய்ப்பிருந்தது, மச்சானும் கண்ணால் கேட்டான்.
களஞ்சியம் காலைப் பார்த்தான்.
விரலை அசைத்தான், ஐந்தும் அசைந்தன.
இது போகாம இருந்துச்சே, என்றான்.

ஐந்து நாற்பது. வலது காதில் இரைச்சல்.
மருந்து நிறுத்தம். டாக்டருக்குத் தகவல்.
எழுதிக் கையெழுத்துப் போடும்போது
வாசலில் ஒரு பையன் கத்தினான்,
எங்க கம்பெனித் தராசு எங்க?
களஞ்சியம் இடது காதை
அந்தப் பக்கம் திருப்பினான்.