எட்டிலிருந்து ஒன்பது வரை

ஹபீபா வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன்.
மடியில் மகளின் பழைய கணக்கு நோட்டு.
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
எங்கள் மூன்றாம் குறுக்குத் தெருவின் அகலம்
இரண்டு மாடு எதிரெதிரே வந்தால்
ஒன்று நின்று யோசிக்கும் அளவு.
எட்டே காலுக்குள் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

மெட்ரோவுக்கு மெயின் ரோட்டைத் தோண்டியதிலிருந்து
போன் காட்டுகிற நீலக் கோடு
எங்கள் வாசல் கோலத்தின் மேல் போகிறது.
அயனாவரம் எந்தத் திசையென்று தெரியாதவர்களும்
எங்கள் குழாயடியில் வந்து ஹாரன் அடிக்கிறார்கள்.

தண்ணீர் கேன் எத்திராஜ்
மூன்று சக்கர வண்டியைச் சாக்கடை மூடிமேல் ஏற்றி
ஒதுங்கி நிற்கிறார்.
அவரை எந்தக் கட்டத்தில் போடுவது?
கார், பைக், ஆட்டோ, வேன் என்று நான்குதான் போட்டிருந்தோம்.
ஐந்தாவதை ஹபீபா ஸ்கேல் இல்லாமல் கோணலாக வரைந்தாள்:
மிதிப்பவர், நடப்பவர்.

ஜூலையில் சொரூபராணி பையனுடைய சைக்கிளின்
பின்சக்கரம் அப்பளமாக வளைந்தது.
முட்டியில் ஆறு தையல்.
வேன்காரர் நல்ல மனிதர், இறங்கி வந்தார்,
இருநூறு ரூபாய் கொடுத்தார்,
'தெரு ரொம்பச் சின்னதும்மா' என்றார்.

சனிக்கிழமை ரேஷன் கடை ஷட்டர் முன்னால் கூட்டம்.
பதினேழு பேர், ஒன்பது நாற்காலி.
கேட்டது இவ்வளவுதான்:
தெருவின் மேற்கு முனையில் இரண்டு பூந்தொட்டி.
சைக்கிள் நுழையும், கார் நுழையாது.
பள்ளிக்கூடம் வரைக்கும்
டிரான்ஸ்பார்மர் நிற்காத ஒரு நடைபாதை.

பி பிளாக் ரங்கபாஷ்யம் எழுந்தார். அவருக்கு இரண்டு கார்.
'ஆம்புலன்ஸ் எப்படி வரும்?'
நியாயமான கேள்வி.
எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம்.

மீன் கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே
பூங்காவனம் பேசினாள்:
'ஆடி மாசம் கூழு ஊத்தப் பத்து நாளு பந்தல் போடுறோம்.
ஓட்டு கேக்க வந்தா மேடை போடுறான்.
சாவு வுழுந்தா சாமியானா, நடுரோட்ல சேரு,
பொணம் கெளம்புற வரிக்கும் ஒரு வண்டி உள்ள வர்ல.
செத்தா அடைக்கிற தெருவ
சாவறதுக்கு முன்னாடி ஒரு தபா அடச்சாத்தான் இன்னா?'

மனுவில் அதையே எழுத ஆசை.
மண்டல அலுவலகத்துக்கு அந்தத் தமிழ் புரியாதென்று
'பாதசாரிகளின் பாதுகாப்பு கருதி' என்று தொடங்கினோம்.
நூற்று முப்பத்தொரு கையெழுத்து, பதினொரு கைநாட்டு.
அதில் ஒரு கையெழுத்து
ரங்கபாஷ்யம் தூங்கிய பிறகு
அவர் மனைவி கதவிடுக்கில் வாங்கிப் போட்டது.

ஒன்பதுக்கு நோட்டை மூடினேன். அறுநூற்று நாற்பத்திரண்டு.
ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.
ஓட்டேரி சிக்னலில் ஸ்கூட்டி நகரவில்லை.
போன் சொன்னது: இடது பக்கம் திரும்பினால்
நான்கு நிமிடம் மிச்சம்.
திரும்பினேன்.
ஒரு சந்து. கொடியில் யூனிபாரம் காய்ந்தது.
பால் பாக்கெட்டோடு ஒரு சிறுமி
சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு எனக்கு வழிவிட்டாள்.
மாடிப்படியில் யாரோ, மடியில் ஏதோ.
நோட்டோ, நறுக்கும் வெண்டைக்காயோ,
நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.
ஒரு கோடு. அதுவும் குறுக்குக் கோடாக இருக்கலாம்.

இப்போது நான்கு நிமிடம் முன்னால் கிளம்புகிறேன்.
எல்லா நாளும் இல்லை.

மாநகராட்சித் தொட்டி வரும் என்கிறார்கள்.
அதுவரை மேற்கு முனையில்
எத்திராஜின் ஓட்டை கேன் இரண்டு,
உள்ளே மண், ஹபீபா நட்ட கற்பூரவல்லி.
ஒன்றில் பாதியை மாடு தின்றுவிட்டது.
நேற்று ஒரு வெள்ளைக் கார் அதன் முன் நின்று
நீளமாக ஹாரன் அடித்தது,
கொஞ்சம் காத்திருந்தது, பின்னால் போனது.
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
ஹபீபா மறுபடி ஒரு கோணல் கோடு இழுத்தாள்.